வாசகர் கேள்வி – பதில்: படித்த பள்ளிக்குத் திரும்பிப் போகிறவர்கள்

படித்து முடித்த பள்ளிக்குப் பல ஆண்டுகளாக ஊதியமின்றி உழைத்துவரும் பழைய மாணவர்களைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாராட்டைவிட மனத்தாங்கலும் சந்தேகமும்தான் அதிகமாக இருந்தன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாம் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இருபத்தோராண்டுகளாக உழைத்து வருகிறார். காலை வழிபாட்டுக்கு முன்பே போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது, வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பது, தேர்வு நாள்களில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது என்று அவருடைய பொழுதே பள்ளியாகிவிட்டது. சென்ற ஜூன் மாதம் பொறுப்பேற்ற புதிய தலைமையாசிரியர், “ஐயா, இனிமேல் தேவைப்படும்போது நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லிச் சாவிக் கொத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அன்று முதல் அண்ணன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. இது நியாயமா?
– வாசகி, ஆரணி

பதில்: நியாயமே இல்லை என்று எழுதத்தான் முதலில் கை போனது. தங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது சாவிக் கொத்து என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அரசுப் பள்ளியில் மேசை, நாற்காலி முதல் ஆய்வகக் குடுவை வரை எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. தணிக்கைக்கு வருபவர், குறைந்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது தலைமையாசிரியரிடம்தான். இருபத்தோராண்டு உழைத்த பழைய மாணவரிடம் அல்ல. முன்பிருந்தவர்கள் நம்பிக்கையின் பேரில் சாவியைக் கொடுத்திருக்கலாம். புதிதாக வந்தவருக்கு அந்த நம்பிக்கை உண்டாக ஓராண்டாவது வேண்டும். சாவியை வாங்கியது சரி. அதை வாங்கிய விதத்திலும், அதோடு சேர்த்து ‘நானே கூப்பிடுகிறேன்’ என்று சொன்னதிலும்தான் அவர் தவறினார். ஒரு வாய் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் தங்கள் அண்ணன் தாமாகவே சாவியை மேசைமேல் வைத்திருப்பார்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. நான் படித்த பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் நூலக அலமாரிகளை ஒழுங்கு செய்து வந்தேன். ஒரு கோடை விடுமுறை முடிந்து போனபோது பூட்டு மாறியிருந்தது. அன்று வாசலில் நின்றபோது வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த அலமாரியை என்னுடையது என்று எப்போதோ எண்ணத் தொடங்கியிருந்தேன் என்பது அந்தப் பூட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

தலைமையாசிரியர்கள் பதவி உயர்விலும் பொது மாறுதலிலும் வருவார்கள், போவார்கள். ஊர்க்காரர் அங்கேயே இருப்பார். ஆகவே தங்கள் அண்ணனிடம் இருக்கும் உண்மையான சொத்து அவருடைய ஞாபகம். பள்ளியின் எல்லைக்கல் எந்த வேப்பமரத்தடியில் மண்ணுக்குள் போயிருக்கிறது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் எந்த இடத்தில் சுவரைத் தாண்டுகிறது, மழை பெய்தால் எந்த வகுப்பறையில் மின்கசிவு வரும், எந்தப் பிள்ளையின் தந்தை ஆண்டில் ஆறு மாதம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார் என்பனவெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதைப் படித்த பிறகும் அவர் கூப்பிடாமல் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

முறையான வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024-இல் மறுகட்டமைக்கப்பட்டபோது, முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் உறுப்பினராக இடம் தரப்பட்டது. அந்த இடத்தில் அமர்ந்து சொல்வது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். வாசலில் நின்று சொல்வது ஏறாது. அண்ணன் இதுவரை உறுப்பினராகவில்லையென்றால் அடுத்த மறுகட்டமைப்பின்போது விருப்பம் தெரிவிக்கட்டும். அதுவரை பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகளுக்காக நிற்க அவருக்கு எந்தச் சாவியும் தேவையில்லை.

கேள்வி: என்னிடம் நன்கொடை தரும் அளவுக்குப் பணமில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் நேரம் இருக்கிறது. நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?
– வாசகர், துறையூர்

பதில்: பணமில்லை என்பதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். பள்ளிக்குப் பொருள் கொடுக்க முன்வருபவர்கள் இப்போது கிடைக்கிறார்கள். வாரந்தோறும் தவறாமல் வருகிறவர்கள்தாம் கிடைப்பதில்லை.

உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறு முதல் பத்து வரை. அதற்குள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பக்கூடிய இடங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றுமே காகிதத்தோடு தொடர்புடையவை. முதலாவது, எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது நான்காண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள் உண்டு. மனத்திறன் தேர்வில் 90 வினாக்களும், படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்களும் இருக்கும். கூலி வேலை செய்யும் வீட்டில் இந்த மாதம் 1,000 ரூபாய், பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா என்ற பேச்சு எழாமல் தடுத்துவிடுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இந்தத் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கத் தாங்கள் பெரிய கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை. எண் தொடர், எழுத்துத் தொடர், கடிகாரக் கணக்கு, கண்ணாடிப் பிம்பம் போன்றவற்றைப் பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்து வாரம் முப்பது வினா என்று செய்யவைத்தால் போதும். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் பழக்கத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் பயிற்சி கொடுத்த முதல் ஆண்டில், வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஒரு சிறுமி, தெரியாத 23-ஆம் வினாவை விட்டுவிட்டு 24-ஆம் வினாவின் விடையை 23-இன் வரிசையில் நிரப்பி, அதிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் ஒரு வரி மேலே நிரப்பிவிட்டாள். வெளியே வந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிய பிறகே அது அவளுக்குத் தெரிந்தது. மறு ஆண்டிலிருந்து வெற்று விடைத்தாளை நகலெடுத்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து நிரப்பச் சொல்லிப் பழக்குகிறேன். தெரிவானவர்களும் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பாடுபட்டு வாங்கிய உதவித்தொகை பத்தாம் வகுப்பில் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஒருவர் வேண்டும். அவர் தாங்களாக இருக்கலாம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல். பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை மதிப்பெண் சான்றிதழில் அச்சாவது இதை வைத்துத்தான். அந்தச் சான்றிதழையே பிற்பாடு கடவுச்சீட்டு முதல் அரசு வேலை வரை பிறந்த நாளுக்குச் சான்றாகக் கேட்கிறார்கள். ஆதாரில் ‘முத்துலட்சுமி’, பள்ளிப் பதிவேட்டில் ‘முத்துலெட்சுமி’ என்று இருந்தால் அந்த ஒரு கொம்புக்காகப் பிறகு பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்க நேரும். பட்டியலை இறுதி செய்வதற்கு முன் சரிபார்க்க ஆசிரியர்கள் பெற்றோரை அழைப்பார்கள்; வேலைக்குப் போகும் பெற்றோர் வருவதில்லை. மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, வேறுபாடுகளைக் குறித்து வகுப்பாசிரியரிடம் கொடுப்பது மூன்று வாரத்து வேலை.

மூன்றாவது, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை. நம் பள்ளியோடு அந்தப் பிள்ளைக்கு இருந்த உறவு சட்டப்படி முடிந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளியோடு இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பையன் பட்டறைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறான். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் கிடக்கும் பெயர்களை ஜூன் மாதம் முதல் வாரம் எடுத்துப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பா, ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இடம் எழுதப்படும் வரை விடாதீர்கள்.

கேள்வி: 1999-இல் பத்தாம் வகுப்பு முடித்த நாங்கள் வாட்ஸ்ஆப் குழு ஒன்றின் மூலம் ஒன்று சேர்ந்து, பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசி வருகிறோம். சிலர் நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்கிறார்கள். சிலர் திறன் வகுப்பறை என்கிறார்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர் ஒருவர் பெரும் பகுதியைத் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். கணக்கு வழக்கை எப்படி வைத்துக்கொள்வது?
– வாசகர், தேனி

பதில்: வளைவு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளிக்கு வளைவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயர் பொறித்த கல்லின் கீழேதான் அந்தப் பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடினார்கள்.

பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நட்பு கெடுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை. ஒரு முறை மட்டும் கொடுப்பதாக இருந்தால், தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கென்றே கொடுக்கலாம். தொடர்ந்து செய்யும் எண்ணமிருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏழு பேர் இருந்தால் தொடங்கலாம். ஆனால் ஆண்டுதோறும் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பொறுமையுள்ள ஒருவர் உங்களிடையே இல்லையென்றால் சங்கமே வேண்டாம்.

சிங்கப்பூர் நண்பரின் விஷயம் கவனமாகக் கையாள வேண்டியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாத சங்கம் அதைப் பெறக் கூடாது. தெரியாமல் வாங்கிவிட்டோம் என்பது அங்கே பதிலாகாது.

பொருளாகக் கொடுப்பதென்றால் வாங்கும் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து வசூலியுங்கள். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டி, புகைப்படம் எடுத்து, பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதனுள்ளே இருக்கும் வடிகட்டியை மாற்ற வேண்டும் என்பதும், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாண்டு கழித்துப் போனபோது அதன்மேல் சுண்ணக்கட்டிப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் பழையபடி குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் சங்கடப்பட்டார். சங்கடப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

கேள்வி: படித்த பள்ளிக்கு ஊரார் உதவுவது இப்போது வந்த வழக்கமா, முன்பே உண்டா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: முன்பே உண்டு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் அது ஓர் இயக்கமாகவே நடந்தது. 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, முதலில் ஊரார் நன்கொடையை நம்பித்தான் நடந்தது. அரசின் பங்கு பின்னர் வந்து சேர்ந்தது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு இன்னின்ன குறை என்று முன்கூட்டியே பட்டியல் தயாரித்து, அதை நிறைவேற்ற ஊரார் பொறுப்பேற்றுக்கொள்வதே அந்த மாநாடுகளின் முறை. கரும்பலகை, மணி, சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடலுக்கான நிலம் என்று அவரவர் இயன்றதைக் கொடுத்தார்கள்.

தேனி வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவருக்குத் தோன்றியதைக் கொடுக்காமல், பள்ளி எழுதித் தந்த பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கியது நாம்தாம்.

கேள்வி: இலங்கையில் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் பெருந்துணையாக இருக்கின்றன. ஆனால் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் கிளைகளுக்கு உள்ள செல்வாக்கு, ஊரிலேயே இருந்து உடலால் உழைக்கும் பழைய மாணவருக்கு இல்லை. இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தாங்கள் சொல்வது உண்மை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு இருக்கும் கட்டுக்கோப்பு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கனவு. போர் ஆண்டுகளில் சிதறிப்போனவர்கள் தாம் போய்ச் சேர்ந்த நகரங்களிலெல்லாம் கிளை தொடங்கியதற்கு, ஊரின் அடையாளமாகக் கையில் மிஞ்சியது பாடசாலையின் பெயராக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யாழ். மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் போர்’ துடுப்பாட்டத்துக்கு (கிரிக்கெட் போட்டிக்கு) நரைத்த தலைகளோடு விமானம் ஏறி வருகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் பந்தயத்துக்கு முன் ஆடுதளத்துக்கு விடியற்காலையில் நீர் விடுபவர் ஊரில்தான் இருக்கிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதிபர் (தலைமையாசிரியர்), ஆசிரியர், பெற்றோருடன் பழைய மாணவர்களுக்கும் இடமுண்டு. வெளிநாட்டுக் கிளை அனுப்பும் நிதி அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் பேசி முடிவான பிறகே செலவாக வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். அப்போது உள்ளூர்க்காரரின் குரலுக்குத் தானாகவே ஓர் இடம் கிடைக்கும்.

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. பழைய மாணவர்கள் சிலர் மாலை வகுப்பு எடுக்க வருகிறோம் என்கிறார்கள். மறுத்தால் மனம் நோகும். சம்மதித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: தங்கள் பயம் நியாயமானது, அதை நோகாமல் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் வெளியாள் ஒருவர் நுழைந்து மாணவியரிடம் பாலியல் வன்முறையில் ஈடுபட்டதாக வந்த செய்தியை நாடு முழுவதும் படித்தது. அந்த முகாமுக்கு என்.சி.சி.யின் அனுமதியே இல்லை. யாரும் அதைக் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

பழைய மாணவர் என்பது அறிமுகம்தானே தவிர, நற்சான்று ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர்களை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தங்கள் மேலதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வகுப்பு நடக்கும் அறையின் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். ஆசிரியர் ஒருவர் வளாகத்தில் இருக்கட்டும். தனியாக ஒரு பிள்ளையை அழைத்துப் பேசுவது, கைப்பேசி எண் வாங்கிச் செய்தி அனுப்புவது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது ஆகிய மூன்றும் யாராக இருந்தாலும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ம், பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் அந்த அறையின் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

உண்மையான அக்கறையோடு வருகிறவர் இந்த நிபந்தனைகளைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். சுளிப்பவர் வராமல் இருப்பதில் தங்களுக்கு நட்டமில்லை.

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு முப்பதாண்டு தொண்டு செய்த பெரியவருக்குப் பாராட்டு விழா எடுக்க நினைக்கிறோம். அவரோ, “எனக்கு எதற்கப்பா மாலையும் சால்வையும்” என்று மறுக்கிறார். வற்புறுத்தலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம் என்பதில் இரண்டு வகை உண்டு, அவருடையது எந்த வகை என்று அருகில் இருக்கும் தங்களுக்குத்தான் தெரியும். வற்புறுத்துவதற்கு முன், அவர் செய்துவரும் வேலைகளை அவரிடமே கேட்டு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முப்பது வயதுக்கு உட்பட்ட பழைய மாணவர்கள் இருவரை ஒரு பருவம் முழுவதும் அவரோடு அனுப்புங்கள். அவர் யாரிடம் எப்படிப் பேசுகிறார், எந்த வீட்டில் வாசலோடு நின்றுவிடுகிறார், எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகிறார் என்பதைக் கூட இருந்துதான் கற்க முடியும். அந்த இருவரையும் மேடையில் நிறுத்தி, இனி இவர்கள் வருவார்கள் என்று அறிவிக்கும் விழா என்று சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதிப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியூர் நண்பர்களின் வசதிக்காக விழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்துவிடாதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.